அவசரப்படாத கண் டாக்டர்

முதுமையில் சிலருக்கு ஒரு கண் வியாதி வருகிறது. எதிரே நிற்பவரின் தோள் தெரியும், காது தெரியும். முகம் மட்டும் தெரியாது. புத்தகத்தைப் பிரித்தால், படிக்க வேண்டிய எழுத்தே மறைந்துவிடும். கண்ணாடியை மாற்றினாலும் பயன் இல்லை.

காரணம் என்ன? கண்ணின் பின்புறத்தில், சினிமாத் திரையைப் போல, ஒரு மெல்லிய திரை இருக்கிறது. அதுவே விழித்திரை. அதற்கு அடியில் கறுப்பு நிற உயிரணுக்கள் வரிசையாகப் பரவியிருக்கின்றன. திரைக்கு உணவு ஊட்டுவதும், கழிவை அகற்றுவதும் அவற்றின் வேலை. வயதான காலத்தில் அவை கெட்டால் திரையும் கெடுகிறது. பார்வை மங்குகிறது.

கெட்டுப்போன அந்த அணுக்களுக்குப் பதிலாகப் புது அணுக்களை வெளியே வளர்த்து, கண்ணுக்குள் வைக்க முடியுமா? இந்த ஒரு கேள்விக்காகப் பல ஆண்டுகள் உழைத்து வருகிறார், ஜப்பானிய டாக்டர் மசாயோ டகஹாஷி அம்மையார்.

எண்ணம் பிறந்த இடம்

அம்மையார் 1961-ல் ஒஸாகாவில் பிறந்தவர். கியோட்டோ சர்வகலாசாலையில் வைத்தியம் படித்து, 1986-ல் பட்டம் பெற்று, கண் டாக்டர் ஆனார். கணவர் ஜுன் டகஹாஷி, மூளை ஆபரேஷன் டாக்டர்.

1995-ல் தம்பதிகள் அமெரிக்கா சென்று, ஸால்க் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தனர். மூளையில் புது அணுக்களைப் பிறப்பிக்கும் ‘மூல அணு’க்களைப் பற்றி அங்கே ஆராய்ச்சி நடந்துவந்தது. விழித்திரையும் மூளையின் ஒரு கிளைதான். மூளைக்கு உதவும் அணு கண்ணுக்கும் உதவலாம் என்ற எண்ணம் அம்மையாருக்கு அங்கேதான் பிறந்தது.

அந்த எண்ணத்துக்குக் கை கொடுத்தவர் ஷின்யா யமனாகா என்ற மற்றொரு ஜப்பானிய விஞ்ஞானி. சாதாரண தோல் அணுவை, எந்த உறுப்பின் அணுவாகவும் வளரக்கூடிய மூல அணுவாக மாற்றும் வழியை அவர் கண்டுபிடித்தார். 2006-ல் எலியின் தோலில் செய்தார். 2007-ல் மனிதத் தோலிலும் செய்து காட்டினார். 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முதல் ஆபரேஷன்

2014 செப்டம்பர் 12. கோபே நகர ஆஸ்பத்திரி ஒன்றில், 70 வயதைக் கடந்த ஒரு மூதாட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. அவருடைய தோலிலிருந்து எடுத்த அணுக்களை மூல அணுக்களாக்கி, பிறகு கண்ணின் கறுப்பு அணுக்களாக வளர்த்திருந்தார்கள். 1.3 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு துண்டு. ஒரு நெல்மணியைவிடச் சிறியது! அதைக் கண்ணுக்குள் வைத்தார்கள். இந்த முறையில் செய்த அணு ஒரு மனிதரின் உடலுக்குள் போனது உலகிலேயே அதுதான் முதல் தடவை.

பலன் என்ன? ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது கட்டி எதுவும் வளரவில்லை. பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவ்வளவுதானா என்று சிலர் கேட்கலாம். ஆனால் அந்தச் சோதனையின் முதல் கேள்வியே, இது ஆபத்தில்லாததா என்பதுதான்.

நிறுத்தியதே பெருமை

அடுத்து ஒரு முதியவர் காத்திருந்தார். அவருக்கும் அணுக்கள் தயாராயின. கண்ணில் வைப்பதற்கு முன் பரிசோதித்தபோது, அந்த அணுக்களின் மரபுப் பொருளில் சிறு மாறுதல்கள் தெரிந்தன. அவற்றால் புற்றுநோய் வரும் என்று நிரூபணம் இல்லை. வராது என்றும் உறுதி இல்லை. உலகமே கவனித்துக்கொண்டிருந்த நேரம். ஆயினும் ஆபரேஷன் நடக்கவில்லை. 2015-ல் சோதனை நிறுத்தப்பட்டது.

பிறகு வழியை மாற்றினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அணு வளர்த்தால் பணமும் காலமும் ஏராளமாகச் செலவாகும். ஆகவே பிறர் தானம் செய்த அணுக்களை முன்கூட்டியே பரிசோதித்துச் சேமித்து வைத்து, 2017 மார்ச்சில் 60 வயதைக் கடந்த ஒருவருக்கு வைத்தார்கள்.

அதே மாதம் பிரபல அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்று இரு செய்திகளை ஒரே இதழில் வெளியிட்டது. ஒன்று, கோபே மூதாட்டியின் கதை. மற்றொன்று, அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாகாணத்தில் நடந்த விபரீதம். அங்கே ஒரு சிகிச்சை நிலையத்தில் மூன்று வயோதிகப் பெண்கள் தலைக்கு 5,000 டாலர் கொடுத்தார்கள். அவர்களுடைய உடல் கொழுப்பிலிருந்து எடுத்த ‘மூல அணு’ என்று சொல்லி, ஒரே நாளில் இரண்டு கண்களிலும் ஊசி போட்டார்கள். மூவரும் பார்வையைப் பெரும்பாலும் இழந்தார்கள்.

இரு இடத்திலும் ‘மூல அணு’ என்ற ஒரே பெயர்தான். ஓரிடத்தில் சந்தேகம் வந்ததும் கையை நிறுத்தினார்கள். மற்றோரிடத்தில், ஒரு கண்ணில் போட்டுப் பார்த்துவிட்டு மறு கண்ணுக்குப் போகும் பொறுமைகூட இல்லை.

இன்றைய நிலை

அம்மையார் 2019-ல் ரிக்கன் ஆராய்ச்சி நிலையத்தை விட்டு, இந்தச் சிகிச்சையை மக்களிடம் கொண்டுசெல்லும் ‘விஷன் கேர்’ என்ற கம்பெனியின் தலைமையை ஏற்றார். 2017 டிசம்பரில் திறந்த கோபே கண் மையத்தில், ஆராய்ச்சியும் வைத்தியமும் மட்டும் அல்ல, குறைந்த பார்வையோடு வாழப் பழகும் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் நடக்கிறது. புது அணு வைத்தாலும் முழுப் பார்வை திரும்பிவிடாது என்பதை மறைக்காததால் செய்த ஏற்பாடு இது.

கணவர் ஜுன் டகஹாஷியும் அதே மூல அணுவைக்கொண்டு பார்க்கின்ஸன் என்னும் நடுக்கு வாதத்துக்குச் சிகிச்சை ஆராய்ந்து வருகிறார். 7 பேருக்குச் செய்த சோதனையில் பெரிய கெடுதல் எதுவும் நேரவில்லை என்ற செய்தி 2025 ஏப்ரலில் வெளியாயிற்று.

நல்ல காலம் வருகிறது. ஆனால் படிப்படியாகத்தான் வருகிறது. மூல அணுவால் உடனே குணமாகும் என்று யாராவது பணம் கேட்டால், குடும்பத்தார் முதலில் கேட்க வேண்டியது இது: இதை எத்தனை பேருக்குச் செய்து பார்த்தீர்கள்? அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்? அதற்கு நேரான பதில் வராத இடத்தில் கண்ணைக் கொடுக்கக் கூடாது.