நுழைய ஒரு கையொப்பம், வெளியேற ஒரு நாள் கூலி

திலக் நகரில் என் அண்டைவீட்டு அக்கா ஒருவர் வீட்டுவேலை செய்து பிழைப்பவர். மே மாதக் கடைசியில் அவருடைய பாஸ்புக்கில் 436 ரூபாய் கழிந்திருந்தது. எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. நிறுத்தச் சொல்லி அருகிலுள்ள வங்கிக் கிளைக்கு அவருடன் போனேன். கணக்குத் தொடங்கிய கிளையில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அது தாராவியில் இருக்கிறது. போய்வர ஒரு நாள் கூலி போகும்.

அந்த 436 ரூபாய் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் தவணை. 2015 மே மாதம் திட்டம் தொடங்கியபோது தவணை 330 ரூபாய்; 2022 ஜூன் 1 முதல் 436. தொகை உயர்ந்தபோது பழைய உறுப்பினர்களிடம் புதிய கையொப்பம் கேட்கப்படவில்லை. பின்னர் நிர்ணயிக்கப்படும் தொகைக்கும் சேர்த்தே சேர்க்கைப் படிவம் சம்மதம் வாங்கிவிடுகிறது. இறந்தவரின் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் தரும் திட்டத்தை நான் பழிக்கவில்லை. அறியாமல் தரப்பட்டு, எளிதில் திரும்பப் பெற முடியாத ஒன்றைச் சம்மதம் என்று அழைப்பதையே மறுக்கிறேன்.

மாற்று வழி நடைமுறைக்கு ஒவ்வாதது என்று எவரும் சொல்ல முடியாது. அட்டை, யுபிஐ வழித் தொடர் பிடித்தங்களுக்கு ரிசர்வ் வங்கி ஏற்கெனவே விதி வகுத்திருக்கிறது: 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும், அந்த ஒரு பிடித்தத்தை மட்டுமோ உத்தரவு முழுவதையுமோ வாடிக்கையாளர் இணையவழியே நிறுத்தலாம். ஆக, திரைப்படச் சந்தா கட்டும் எனக்கு உள்ள உரிமை, பாஸ்புக்கை நம்பி வாழும் அக்காவுக்கு இல்லை.

நிறுத்துவதை எளிதாக்கினால் கடன் வாங்கியோர் ஏய்ப்பார்கள் என்பது வழக்கமான வாதம். பிடித்தத்தை நிறுத்தினால் கடன் அழிந்துவிடாது. மேலும், கணக்கில் பணமின்றி மின்வழிப் பிடித்தம் திரும்பினால், 2007ஆம் ஆண்டின் பணச்செலுத்துகை, தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமளிக்கிறது. கடன் கொடுத்தவருக்குச் சிறைச்சாலையே காவல் நிற்கிறது. கணக்கு வைத்திருப்பவருக்கு யார் காவல்?

திறக்கப்பட்ட கணக்குகளை எண்ணி ‘நிதி உள்ளடக்கம்’ என்று கட்டுரை எழுதும் நாம், அவற்றிலிருந்து வெளியேறும் வழியையும் அளந்தாக வேண்டும். கோரிக்கை எளியது: எந்தக் கிளையிலும், வாடிக்கையாளர் அறிந்த மொழியில், கட்டணமின்றி, அன்றே நிறுத்தம், கையில் ஒப்புகைச் சீட்டு. சேர்வதற்கு ஒரு கையொப்பம் போதுமென்றால் விலகுவதற்கும் அதுவே போதும்.