எம்மும் எம்மும் அடிபட்டுப் போனா போதுமா?

பிசிக்ஸ் வாத்தியார்களோட எனக்கு ஒரு தீராத சண்டை உண்டு. "கனமான பொருளும் லேசான பொருளும் ஏன் ஒரே மாதிரி கீழே விழுது?"ன்னு கேட்டா, போர்டுல ரெண்டு வரி எழுதி, ரெண்டு பக்கமும் இருக்கிற எம்மை அடிச்சுட்டு, "அவ்ளோதான்"னு சாக்பீஸைக் கீழே வைக்கிறாங்க பாருங்க, அதுதான் சண்டை. தொண்ணூறுகள்ல கும்பகோணத்துல எனக்குக் கிடைச்ச அதே பதில்தான் இப்போ நாக்பூர்ல என் பொண்ணுக்கும் கிடைச்சிருக்கு. பாஷை மாறிச்சு, பதில் மாறலை.

நான் பி.காம். படிச்சுட்டு பேங்கில் குப்பை கொட்டுறவன். உனக்கெதுக்குய்யா இந்த வேலைன்னு கேட்கலாம். கணக்கு சரிபார்க்கிறதுதான் என் பொழப்பு. அதனாலதான் கேட்கிறேன்.

முதல்ல அந்த ரெண்டு வரி. நிறை பத்து மடங்கு இருந்தா பூமி இழுக்கிற விசையும் பத்து மடங்கு. ஆனா அந்தப் பொருளை அசைக்கிறதும் பத்து மடங்கு கஷ்டம். இழுப்பு எவ்வளவு கூடுதோ அவ்வளவு பிடிவாதமும் கூடுது. அதனால காத்து குறுக்கே வராதவரைக்கும் எல்லாம் ஒரே முடுக்கத்தோட, நொடிக்கு நொடி 9.8 மீட்டர் வேகம் கூடிக்கிட்டே விழுது. 1971-ல் அப்போலோ 15-ல் போன டேவிட் ஸ்காட், காத்தே இல்லாத நிலாவில் ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் ஒண்ணாப் போட்டுக் காட்டினார். ரெண்டும் ஒண்ணாவே தரையைத் தொட்டது. கணக்குல எனக்கு எந்தத் தகராறும் இல்லை.

தகராறு எங்கேன்னா, அடிக்கிற அந்த ரெண்டு எம்மும் செய்யிறது வேற வேற வேலை. ஒண்ணு, ஈர்ப்பு ஒரு பொருளை எவ்வளவு இழுக்கும்னு சொல்லுது. இன்னொண்ணு, யார் தள்ளினாலும் அந்தப் பொருள் எவ்வளவு முரண்டு பிடிக்கும்னு சொல்லுது. மூட்டை ஏத்தின தள்ளுவண்டியைச் சமதரையில் தள்ளிப் பாருங்க, அந்த முரண்டு தெரியும். அங்கே ஈர்ப்புக்கு எதிரா நீங்க ஒண்ணையும் தூக்கலை. சம்பந்தமே இல்லாத இந்த ரெண்டுக்கும் எப்படி ஒரே எண் வந்துச்சு?

மின்சாரத்துல பாருங்க. புரோட்டானுக்கும் பாசிட்ரானுக்கும் மின்னூட்டம் ஒண்ணுதான். ஒரே மின்புலத்துல வெச்சா ரெண்டு மேலயும் ஒரே விசை. ஆனா புரோட்டான் நிறை சுமார் 1836 மடங்கு அதிகம், அதனால அதோட முடுக்கம் அத்தனை மடங்கு குறைவு. அங்கே எதுவும் எதோடயும் அடிபடலை. ஈர்ப்புல மட்டும் அடிபடுதுன்னா, அதுதானே விசேஷம்? அதைச் சொல்லாம எம்மை மட்டும் அடிச்சா எப்படி?

என் தொழில் பாஷையில சொல்றேன். ரெண்டு தனித்தனி டிபார்ட்மென்ட், தனித்தனி லெட்ஜர். எந்த வருஷம் எடுத்துப் பார்த்தாலும் ரெண்டு பேலன்ஸும் பைசா சுத்தமா ஒண்ணா இருக்கு. எந்த ஆடிட்டராவது "டேலி ஆயிடுச்சு"ன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போவாரா? "ஏன்யா ஒண்ணா இருக்கு? ஒரே கணக்கை ரெண்டு பேர்ல வெச்சிருக்கீங்களா?"ன்னு நோண்டுவார்.

நியூட்டன் நோண்டினார். ஒரே அளவுல ரெண்டு மரப்பெட்டி, 11 அடி நூல்ல ஊசலாக் கட்டி, பொன், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், தண்ணின்னு மாத்தி மாத்திப் போட்டு ஆட்டிப் பார்த்தார். கோதுமையைக் கூட விடலை மனுஷன். ஆயிரத்துல ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலும் தெரிஞ்சிருக்கும், இல்லைன்னு 1687-ல் பிரின்சிபியாவில் எழுதினார். அப்புறம் புடாபெஸ்ட்ல எட்வெஷ் முறுக்குத் தராசு வெச்சு இன்னும் நுணுக்கமாப் பார்த்தார். 2016-ல் பிரான்ஸ் மைக்ரோஸ்கோப்னு ஒரு செயற்கைக்கோளையே அனுப்பி, பிளாட்டினத்தையும் டைட்டானியத்தையும் ஒப்பிட்டுச்சு. 2022-ல் வந்த கடைசி முடிவு: 1-க்குப் பின்னாடி 15 சைபர் போட்டு, அதுல சில பங்கு அளவுக்குக் கூட வித்தியாசம் தெரியலை. "எம் அடிபட்டுப் போகும்"ங்கிறதுதான் முழுப் பதில்னா, எதுக்கு இத்தனை செலவு?

ஐன்ஸ்டைன் 1907-ல் பெர்ன் நகர பேட்டன்ட் ஆபீஸ்ல உட்கார்ந்து யோசிச்சதும் இதைத்தான். கூரையிலிருந்து விழுறவனுக்குத் தன் எடையே தெரியாதே, அப்போ ஈர்ப்பும் முடுக்கமும் வேற வேறயா என்ன? அந்த யோசனைதான் 1915-ல் பொதுச் சார்பியலா முடிஞ்சுது. ஆடிட்டர் சந்தேகப்பட்டது சரி, ஒரே கணக்குக்குத்தான் ரெண்டு பேர். அப்பவும் யாரும் ஃபைலை மூடலை, எங்கேயாவது ஒரு பைசா இடிக்குதான்னு இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க.

"பசங்களுக்கு இதெல்லாம் புரியாது சார், போர்ஷன் முடிக்கணும்"னு சொல்வாங்க. பைசா கோபுரக் கதைக்கு மட்டும் நேரம் இருக்கு. அந்தக் கோபுரத்துலேருந்து குண்டு போட்டேன்னு கலிலியோ தன் புத்தகத்துல எங்கேயும் எழுதலை. அவர் போன பிறகு சிஷ்யர் விவியானி எழுதின கதை அது. நடந்துச்சான்னு வரலாற்று ஆசிரியர்களே சந்தேகப்படுறாங்க.

"ரெண்டு எம்மும் ஒண்ணுதான்னு யாரு சொன்னா?"ன்னு என் பொண்ணு கிளாஸ்ல கேட்டிருக்கா. கிடைச்ச பதில், "பரீட்சைக்கு வராது, உட்காரு." நியூட்டனும் ஐன்ஸ்டைனும் கேட்ட கேள்வியை ஒரு பதினாறு வயசுப் பொண்ணு தானா கேட்டிருக்கா. அவளை உட்கார வெச்சுட்டோம். அடுத்த தடவை கேட்பாளா? நம்ம ஊர்ல விஞ்ஞானிகள் ஏன் குறைவுன்னு அப்புறம் கருத்தரங்கு நடத்துவோம்.

சார்பியலை நடத்தச் சொல்லலை. எம்மை அடிச்ச கையோட ஒரு வரி சொல்லுங்க: "இந்த ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. நியூட்டன் அளந்து பார்த்தார், ஒண்ணா இருந்துச்சு. ஏன்னு அவருக்கே தெரியலை." பத்து செகண்ட் ஆகும். போர்ஷன் ஒண்ணும் நின்னுடாது.