உயர்சுவரின் காலடியில்

நிலக்கரி எடுக்கும் புதிய முறைகளைப் பற்றிப் பேசுவோர் ஒரு தொடரை விரும்பிச் சொல்லி வருகின்றனர். "இதில் மனிதன் உள்ளே போவதே இல்லை" என்பது அத்தொடர். உயர்சுவர்ச் சுரங்க முறையைப் புகழ்ந்துரைப்போர் அனைவரும் முதலில் எடுத்து வைக்கும் சான்று இதுவே. அவர்கள் சொல்வது உண்மைதான். ஆயினும் அது பாதி உண்மை. துளைக்குள் போகாத மனிதன் துளையின் வாயிலில், செங்குத்தான பாறைச் சுவரின் காலடியில் நிற்கிறான். அந்தப் பாறையைத் தாங்கி நிற்பதோ, எடுக்காமல் விட்டுவைத்த கரி. ஆகவே இம்முறையின் பாதுகாப்பை எடுத்த கரியைக் கொண்டு அளப்பது தவறு. விட்டுவைத்த கரியைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

முதற்கண் முறையைப் புரிந்து கொள்வோம். திறந்தவெளிச் சுரங்கத்தை நம்மில் பலர் நெய்வேலியில் கண்டிருக்கக்கூடும். மேலே கிடக்கும் மண்ணையும் பாறையையும் அகழ்ந்து நீக்கிவிட்டுக் கீழுள்ள கரியை அள்ளுவது அம்முறை. கரிப்படுகை மலைக்குள்ளோ ஆழத்தை நோக்கியோ செல்லச் செல்ல, ஒரு டன் கரிக்காக நீக்க வேண்டிய பாறையின் அளவு ஏறிக்கொண்டே போகும். ஏதோ ஓரிடத்தில் கணக்குக் கட்டுபடியாகாது. அகழ்வு அங்கே நின்றுவிடும். நின்ற இடத்தில் செங்குத்தாக ஒரு சுவர் எஞ்சும். அதன் அடிப்பகுதியில் மை தீட்டிய கோடு போலக் கரிப்படுகை தெரியும். இச்சுவரே உயர்சுவர். கரி அதற்கு அப்பாலும் தொடர்கிறது. எட்டும் தொலைவில் இருந்தும் எடுக்க வழியில்லாமல் கிடக்கிறது. (நெய்வேலியின் இளகிய மேலடுக்குகளுக்கும், பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்துடன் நிற்கும் நீருக்கும் இம்முறை ஒவ்வாது. காட்சி மனத்தில் பதியும் பொருட்டே அவ்வூரைச் சொன்னேன்.)

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடரில், குறிப்பாக மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி மாநிலங்களில், மலையின் இடையைச் சுற்றி ஒட்டியாணம் போல அகழ்ந்து கரி எடுப்பது நெடுங்கால வழக்கம். அவ்வாறு எஞ்சிய சுவர்களில், தச்சர் மரத்தில் துளையிடுவதைப் போலப் பெரிய திருகுகளைச் செலுத்திக் கரியைக் குடைந்தெடுக்கும் முறை 1940-களில் தோன்றியது. அத்துளைகள் வட்டமானவை, நூறு மீட்டர் செல்வதே அரிது, வட்டங்களுக்கு இடையே பெரும்பகுதிக் கரி தங்கிவிட்டது. இக்குறையைப் போக்க 1980-களில் வளர்ந்ததே இன்றைய உயர்சுவர்ப் பொறி. சுவரின் எதிரே ஒரு பெரிய மேடை நிறுத்தப்படுகிறது. அதிலிருந்து பற்கள் பதித்த உருளையோடு கூடிய வெட்டுபொறி படுகைக்குள் நுழைகிறது. அது வெட்டிக்கொண்டே முன்னேற, அதன் பின்னால் தொடர்வண்டிப் பெட்டிகளைப் போல ஒவ்வோர் உறுப்பாக இணைக்கப்படுகிறது. இவ்வுறுப்புகளின் வழியே வெட்டிய கரி வெளியே வந்து சேர்கிறது. ஏறத்தாழ மூன்றரை மீட்டர் அகலமுள்ள செவ்வகத் துளை, 300 மீட்டரும் சில பொறிகளில் அதற்கு மேலும் நீள்கிறது. ஓட்டுநர் கூண்டறையில் அமர்ந்து திரையைப் பார்த்தபடி இயக்குகிறார். பொறி உள்ளே எங்கே செல்கிறது என்பதைச் சுழல்காட்டியும், மேலே கரி எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைக் காமாக்கதிர் உணர்கருவியும் அவருக்குத் தெரிவிக்கின்றன. ஒரு துளை முடிந்ததும் பொறியை இழுத்து, பக்கவாட்டில் நகர்த்தி, நடுவே கரியைச் சுவராக விட்டு அடுத்த துளையைத் தொடங்குவர். நடுவே விட்ட இக்கரியை இடைத்தூண் எனலாம். பல துளைகளுக்கு ஒருமுறை இன்னும் அகலமாகத் தடுப்புத்தூண் ஒன்று விடப்படும்.

நிலத்தடி வழிக்குச் 'சுருங்கை' என்னும் சொல் சிலப்பதிகாரத்திலேயே உண்டு. ஆள் நுழையாத இந்த ஒடுங்கிய துளைகளுக்கு அச்சொல்லை மீட்டெடுத்து வழங்கினால் தவறில்லை என்று தோன்றுகிறது.

நம் நாட்டில் 2010-11 ஆண்டளவில் சிங்கரேணி நிறுவனத்தின் ராமகுண்டம் சுரங்கத்திலும், தென்கிழக்கு நிலக்கரி நிறுவனத்தின் சோஹாக்பூர்ப் பகுதியிலுள்ள ஷாரதா சுரங்கத்திலும் இம்முறை புகுந்தது. தன்பாத்திலுள்ள மத்தியச் சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம் தூண்களின் அளவுகளை ஆய்ந்து வகுத்தது.

இம்முறையின் பெருமையை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. மேகாலயத்தின் எலிவளைச் சுரங்கங்களை நினைத்துப் பார்த்தால் அப்பெருமை விளங்கும். அங்கும் மலைச்சரிவில் தெரியும் மெல்லிய கரிப்படுகைக்குள் பக்கவாட்டில் குடைந்து செல்லும் வழக்கம் உண்டு. இங்கே பொறி செய்யும் வேலையை அங்கே மனிதன் தவழ்ந்து சென்று செய்கிறான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் அதனைத் தடை செய்தது. தடைக்குப் பின்னும் 2018 டிசம்பர் 13 அன்று கிழக்கு ஜயந்தியா மலை மாவட்டத்தின் க்சான் என்னுமிடத்தில் வெள்ளம் புகுந்து 15 பேர் உள்ளே சிக்கினர். 2025 ஜனவரியில் அசாமின் உம்ராங்சோவில் மீண்டும் அதே கதை. இக்கொடுமையோடு ஒப்பிட்டால், துளைக்குள் பொறியை அனுப்பிவிட்டு மனிதனை வெளியே நிறுத்துவது அறச்செயலே. (2023 நவம்பரில் உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கப் பாதையில் துளைபொறி உடைந்து நின்றபோது, எஞ்சிய தொலைவைக் கையால் குடைந்து 41 பேரை மீட்க வழி திறந்தவர்கள் எலிவளைத் தொழிலாளர்களே என்பதையும் மறத்தலாகாது. தடை செய்ய வேண்டியது அத்தொழிலை. அவர்தம் திறனை மதிக்க வேண்டும்.)

ஆயினும் வெளியே நிறுத்தப்பட்ட மனிதன் எங்கே நிற்கிறான்? மேடைப் பொறி சுவரை ஒட்டியே நிற்றல் வேண்டும். இல்லையேல் அது உள்ளே தள்ள இயலாது. உறுப்புகளை இணைப்போரும் பொறியைப் பழுது பார்ப்போரும் சுவரின் நிழலிலேயே பணி செய்கின்றனர். மலைச்சரிவை ஒட்டிய பாறைகளில், சரிவுக்கு இணையாக நெடிய வெடிப்புகள் மறைந்திருப்பதுண்டு. மலை தன் பாரம் தளர்ந்த பக்கமாக விரிவதால் உண்டாகும் இவ்வெடிப்புகள், சுவரின் முகத்தில் நின்று பார்த்தால் தெரிவதில்லை. மழைநீர் இறங்கும், குளிர்நாடுகளில் அது உறைந்து பாறையைப் பிளக்கும், அகழ்வுக்காக வைத்த வெடிகளின் அதிர்ச்சியும் சேரும். ஒரு நாள் வீடளவு பாறை பெயர்ந்து விழும். அமெரிக்காவில் இத்துறையின் முதன்மையான அச்சங்களுள் ஒன்று இதுவே. திருகுப் பொறிகளுக்கு மேலே சுவரைக் கண்டறிய இடையூறில்லாத கனத்த வலைக்கவசம் அமைக்க வேண்டுமென அந்நாட்டு விதி கூறுகிறது. வலை சிறு கற்களைத் தடுக்கும்; பெரும்பாறையை அது என் செய்யும்? ஒவ்வொரு முறைமாற்றத்தின்போதும், மழைக்குப் பின்னும், சுவரின் மேல்விளிம்பில் ஏறிச் சென்று புதிய பிளவு உண்டா எனப் பார்க்கும் மனிதக் கண்ணுக்கு இன்னும் ஈடில்லை.

இனித் தூண்களுக்கு வருவோம். கட்டுரையின் உயிர்நிலை இங்கேதான். அறுபது மீட்டர் தடிப்புள்ள பாறை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 டன் பாரம் தரும். மூன்றரை மீட்டர் துளைக்கு அதே அகலத் தூண் விட்டால், துளைக்கு மேலுள்ள பாரமும் தூணின் தலையில் ஏற, அது 300 டன் சுமக்கும். தூணைப் பாதியாகக் குறைத்தால் 450 டன் சுமக்கும். பாரம் கூடுவது மட்டுமன்று. மெலிந்த தூணின் வலிமையும் குறைகிறது. உயரத்தை நோக்க அகலம் சிறுத்த தூண், நின்ற கோலத்தில் நொறுங்கும் இயல்புடையது. ஒன்று நொறுங்கினால் அதன் சுமை அடுத்ததன் மேல் விழும். அதுவும் நொறுங்கினால் அதற்கடுத்தது. தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் சுரங்கத்தில் 1960 ஜனவரி 21 அன்று இவ்வாறே தூண்கள் தொடர்ந்து சரிந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் நினைவாக எழுந்த கல்லறை என்று கருதத்தக்கது, சாலமன், முன்ரோ என்னும் இருவர் 1967-இல் வெளியிட்ட தூண்வலிமை வாய்பாடு. சரிந்த 27 இடங்களையும் சரியாத 98 இடங்களையும் ஒப்பிட்டு அவர்கள் அதனை வகுத்தனர். கோல்புரூக் மனிதர் உள்ளே பணிபுரிந்த சுரங்கம். உயர்சுவர்த் துளைகளில் அத்தகைய பேரழிவு நேராது. ஆனால் தூணின் இயற்கை விதி ஒன்றே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1990-களில் உயர்சுவர்த் துளைத் தொகுதிகள் முழுதாகச் சரிந்ததுண்டு.

வாய்பாட்டின்படி வரைபடத்தில் தூண் சரியாகவே இருக்கும். தரைக்குள் இருப்பது எவ்வாறு என்பதே வினா. துளை ஒரு பாகை திசை விலகினால் 300 மீட்டர் தொலைவில் அது ஐந்து மீட்டருக்கு மேல் விலகியிருக்கும். மூன்று மீட்டர் தூணாயின் பாதி வழி கடந்த சிறிது தொலைவிலேயே தூண் மறைந்து, இரு துளைகளும் ஒன்றாகிவிடும். உள்ளே மனிதன் போகாததால் அதைக் கண்டு சொல்வாரும் இல்லை. சுழல்காட்டியின் பதிவு ஒன்றே சாட்சி. மனிதன் உள்ளே போகாமை என்னும் அதே நலம், இங்கே குருட்டுத்தன்மையாகவும் மாறுகிறது.

இதனோடு கணக்கேட்டின் ஆசை சேர்கிறது. தூண்களாக விடப்படும் கரி, படுகையின் பாதியளவுக்கும் வரலாம். கணக்கேட்டில் அதற்கு 'இழப்பு' என்று பெயர். இப்பெயரிலேயே தீங்கு தொடங்குகிறது. ஒரு வீட்டின் சுவரில் உள்ள செங்கல்லை யாரும் இழப்பு என்று எழுதுவதில்லை. டன் கணக்கில் கூலி பேசப்பட்ட ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தூணிலும் அரை மீட்டர் 'மீட்டால்' அன்றைக்கு ஆதாயம். சரிவு வருங்கால் அவர் அங்கே இருக்க மாட்டார். ஆகவே தூணின் அகலத்தை வகுப்பவரும், அது காக்கப்படுகிறதா என அளப்பவரும், டன்னுக்குக் கூலி பெறுபவரும் வெவ்வேறானவராக இருத்தல் இன்றியமையாதது. அளப்பவருக்குப் பணியை நிறுத்தும் உரிமையும் வேண்டும். தன்பாத்தில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம், தூண் அளவைக் கூலி ஒப்பந்தத்தின் பகுதியாகவே ஆக்கலாம். குறுகிய தூணை ஒட்டி எடுத்த கரிக்குக் கூலி இல்லையென ஒரு வரி எழுதினால், பல அறிவுரைகள் செய்யாததை அது செய்யும்.

வளியும் நீரும் தரும் இடர்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரியிலிருந்து வெளிப்படும் மீத்தேன், காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்தால் வெடிக்கும். காற்றோட்டம் இல்லாத நெடுந்துளையில், பாறையில் உரசும் பல்லின் ஒரு பொறி போதும். துளைக்குள் எரிப்புவளியைச் செலுத்தி உயிர்வளியின் அளவை வெடிக்க இயலாத நிலைக்குத் தாழ்த்துவது இதற்குக் கண்ட மாற்று. நீரின் கதை இதனினும் பழையது. தன்பாத்தை அடுத்த சாஸ்நாலாவில் 1975 டிசம்பர் 27 அன்று மேலிருந்த நீர்த்தேக்கம் உடைத்துக்கொண்டு இறங்கி 375 பேரைக் கொன்றது. அமெரிக்காவின் குவீக்ரீக்கில் 2002 ஜூலையில் பழைய சுரங்கத்தின் வரைபடம் பிழையாக இருந்ததால் அண்டையிலிருந்த நீர் புகுந்தது. ஒன்பது பேரும் உயிருடன் மீட்கப்பட்டது நற்பேறு. உயர்சுவர்த் துளை பழஞ்சுரங்கம் ஒன்றைத் தொட்டுவிட்டால், அந்நீர் நேரே வாயிலில் நிற்போர் மேல் பாயும். நூறாண்டுக்கு மேற்பட்ட சுரங்க வரலாறுடைய நம் கிழக்கு மாநிலங்களில் இது கற்பனை அச்சமன்று.

துளைக்குள் கூரை சரிந்து பொறி சிக்கிக்கொள்வதும் நேரும். பல கோடி மதிப்புள்ள பொறி அது. அந்நேரத்தில் "சிறிது தொலைவுதானே, உள்ளே சென்று கொக்கியை மாட்டிவிட்டு வா" என்று ஒரு தொழிலாளியிடம் சொல்ல மேலாளர் நா எழக்கூடும். தாங்கல் இல்லாத கூரை. உயிர்வளி குன்றிய காற்று. திருகுத் துளைக்குள் அரசு அலுவலரின் இசைவின்றி எவரும் நுழையலாகாது என்று அமெரிக்க விதி தெளிவாக எழுதி வைத்திருப்பது இத்தகைய நேரங்களுக்காகவே. "மனிதன் உள்ளே போவதில்லை" என்பது பொறியின் இயல்பு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது ஒவ்வொரு நாளும் மனிதர் கைக்கொள்ள வேண்டிய உறுதி.

வேலை முடிந்த துளைகளின் வாயை அடைத்துவிட்டே செல்ல வேண்டும் என்பதும் அங்கே விதி. 1977-ஆம் ஆண்டின் நிலமீட்புச் சட்டம், உயர்சுவரையே மண்ணிட்டு மூடி மலையின் பழைய வடிவத்தை மீட்கப் பணிக்கிறது. நம் நாட்டுக் கரி தானே தீப்பற்றும் இயல்பு மிக்கது. ஜாரியாவில் 1916-இல் காணப்பட்ட நெருப்பு இன்னும் அணையவில்லை. திறந்து கிடக்கும் துளை காற்றை உள்ளே இழுத்து அத்தீயை வளர்க்கும். ஆடு மேய்க்கும் சிறுவனையும் உள்ளே இழுக்கும். எனவே அடைப்பதோடு நில்லாமல், துளையின் எண், நீளம், திசை விலகல், விட்ட தூணின் அகலம் ஆகிய நான்கையும் எழுதிய பதிவேட்டின் படி ஒன்று நிறுவனத்திடமும், மற்றொன்று அவ்வூர் நிலப்பதிவு அலுவலகத்திலும் இருத்தல் வேண்டும். சுரங்க நிறுவனம் வெளியேறிப் பல ஆண்டுகள் கழித்து, அந்நிலத்தின் மேல் வீடு கட்டுபவனும் கிணறு வெட்டுபவனும் தன் காலடியில் எத்தனை மீட்டர் கரி தாங்கி நிற்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு இடம் இல்லை.