பெரிய எண்ணைக் கண்டு மயங்காதீர்கள்!

லால்பேட்டை ஏரிக்கரை. காலை ஏழு மணி.

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வீராணம் ஏரியின் தண்ணீர். முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி. 2004-ம் ஆண்டு முதல் சென்னைப் பட்டணத்துக்கும் குடிதண்ணீர் கொடுத்து வரும் ஏரி. கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அங்கே வாடகை கொடுக்காத குடித்தனக்காரர்கள்!

கரையில் ஒரு வாலிபரைச் சந்தித்தேன். வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவர். விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிறார். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். நீளமான கறுப்புக் குழாய்.

"அண்ணே! இது ரைபிளில் பூட்டுகிற டெலஸ்கோப். 25 மடங்கு பெரிதாகக் காட்டுமாம். விலை மூன்று லட்சம் ரூபாய். அடுத்த தடவை வரும்போது வாங்கி வரலாம் என்று இருக்கிறேன்."

"ரைபிள் இருக்கிறதா தம்பி?"

"ரைபிள் எதற்கு? ஏரியில் பறவை பார்க்கத்தான்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டேன். மூன்று லட்சம் ரூபாய் என்பது விளையாட்டா? பாலைவன வெயிலில் உழைத்துச் சேர்த்த பணம். ஒரு தங்கையின் படிப்புக்கு ஆகும். வீட்டுக்கு ஒரு மாடி அறை ஆகும்.

அந்தத் தம்பியிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். எந்தக் கண்ணாடி வாங்கினாலும், "எத்தனை மடங்கு?" என்று முதலில் கேட்காதீர்கள். "எதற்காக?" என்று கேளுங்கள்!

ரைபிளின் கண்

தூரத்தில் சுடும் ரைபிளுக்கு டெலஸ்கோப் எதற்கு? பெரிதாகப் பார்க்க மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை.

துப்பாக்கிக் குண்டு நேர்கோட்டில் போவது இல்லை. வீசி எறிந்த கல்லைப் போலப் போகப் போகத் தாழும். 0.308 அங்குல ரைபிளை 100 கெஜத்துக்குச் சரிசெய்து வைத்துக்கொண்டு, 1,000 கெஜத்தில் உள்ள பலகையைச் சுட்டால் என்ன ஆகும்? குண்டு ஏறக்குறைய 30 அடி கீழே போய்விடும்!

அதற்காகத்தான் குழாயின் மேலே ஒரு திருகு இருக்கிறது. அதை ஒரு 'கிளிக்' திருப்பினால், 100 மீட்டர் தூரத்தில் குறி 1 சென்டிமீட்டர் நகரும். 1,000 மீட்டரில் 10 சென்டிமீட்டர் நகரும். பக்கவாட்டில் இன்னொரு திருகு. அது காற்றுக்காக.

ஜெர்மனியின் ஷ்மிட் அண்ட் பெண்டர், அமெரிக்காவின் நைட்ஃபோர்ஸ், ஆஸ்திரியாவின் காலெஸ் போன்ற கம்பெனிகள் இவற்றைச் செய்கின்றன. நம் நாட்டிலும் ஒரு பொருத்தம் உண்டு. திருச்சித் தொழிற்சாலையில் ரைபிள் செய்கிறார்கள். டேராடூனில் அதற்குக் கண் செய்கிறார்கள்!

பணம் எங்கே போகிறது?

மூன்று லட்சம் என்பது வெறும் மடங்குக்குக் கொடுக்கும் விலை அல்ல. அந்தத் திருகு பொய் சொல்லாமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை. 50 கிளிக் ஏற்றி, 50 கிளிக் இறக்கினால், குறி பழைய இடத்துக்கே வந்து நிற்கவேண்டும். ஆயிரம் முறை செய்தாலும் வரவேண்டும். மளிகைக் கடைத் தராசைப் போல! முள் பொய் சொன்னால் தராசு தங்கத்தால் செய்தது என்றாலும் பயன் என்ன?

இரண்டாவது, கண்ணாடியின் தரம். படம் நடுவில் மட்டும் அல்ல, ஓரத்திலும் தெளிவாக இருக்கவேண்டும். அந்தி மங்கும் வேளையிலும் இருக்கவேண்டும்.

மூன்றாவது, உள்ளே தெரியும் அளவுக் கோடுகள். மடங்கைக் கூட்டும்போது படத்தோடு சேர்ந்து கோடும் பெரிதாகவேண்டும். அப்போதுதான் எந்த மடங்கிலும் அளவு மாறாது.

நான்காவது, குழாயை ரைபிளோடு பிடிக்கும் கவ்வி. பலர் இதில்தான் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். கவ்வி ஆடினால் எல்லாம் ஆடும்.

25 மடங்கு பற்றி ஒரு வார்த்தை. சித்திரை மாத உச்சி வெயிலில் தார் ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் நெளிவதுபோல் கானல் நெளியும். டெலஸ்கோப் இலக்கை மட்டுமா பெரிதாக்கும்? கானலையும் 25 மடங்கு பெரிதாக்கும்! அனுபவசாலிகள் அப்போது மடங்கைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

கடலூரில் பிறந்த பெண்

சரி, கண்ணாடி இல்லாமல் குறி தவறாமல் சுட முடியாதா?

கடலூரில் 1999-ல் பிறந்தவர் இளவேனில் வாலறிவன். குஜராத்தில் வளர்ந்தவர். 2019-லும் 2023-லும் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டிகளில், 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார்.

அந்தப் போட்டியில் நடுப்புள்ளியின் அளவு என்ன தெரியுமா? அரை மில்லிமீட்டர்! அந்த ரைபிளில் டெலஸ்கோப் பூட்ட அனுமதி இல்லை. சிறு துளை வழியாகப் பார்த்துத்தான் குறி வைக்கவேண்டும்.

அங்கே உதவுவது மூச்சுக் கட்டுப்பாடு, அசையாத உடம்பு, பல வருஷப் பயிற்சி. இவற்றை எந்தக் கடையிலும் மூன்று லட்சத்துக்கு விற்பது இல்லை.

ஏரிக்கு ஏற்றது எது?

இப்போது நம் தம்பியின் பறவைகளுக்கு வருவோம்.

25 மடங்கில் பார்த்தால், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 15 மீட்டர் அகலம்தான் தெரியும். நாரை இறக்கையை விரித்துப் பறந்தால் அடுத்த கணம் காணோம்! குழாயின் எடையோ ஒரு கிலோ. கையில் பிடித்தால் நடுக்கமும் 25 மடங்கு. பார்ப்பதோ ஒற்றைக் கண்ணால்.

'8×42' என்று எழுதிய பைனாகுலரை எடுத்துக்கொள்ளுங்கள். 8 என்பது மடங்கு. 42 என்பது முன் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்தேகால். அத்தனை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒளி வட்டம் உங்கள் கண்ணுக்கு வருகிறது. விடியற்காலை மங்கலுக்கு அது போதும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் நூறு மீட்டருக்கு மேல் அகலம் தெரியும். கூட்டமாகப் பறக்கும் பறவைகளை இரண்டு கண்ணாலும் பார்க்கலாம். குடும்பத்தோடு கைமாற்றிப் பார்க்கலாம்!

பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். மிச்சம் தங்கையின் படிப்புக்கு.

இரண்டு எச்சரிக்கைகள். எந்தக் கண்ணாடியாலும் சூரியனைப் பார்க்காதீர்கள். கண் போய்விடும். ஏரிப் பக்கம் திருப்புங்கள்; எதிர்வீட்டு ஜன்னல் பக்கம் திருப்பாதீர்கள். மானம் போய்விடும்!

ஒரு குருவி, ஒரு கேள்வி

ரைபிளில் பூட்டிய டெலஸ்கோப்புக்கு ஒரு குணம் உண்டு. கண் போகும் இடத்துக்கே குழலும் போகும். அதனால் ரைபிள் வைத்திருப்பவர் அதை வேடிக்கை பார்க்கப் பயன்படுத்தவே கூடாது. வைத்திருக்க 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். காட்டு உயிர்களைக் காக்க 1972-ல் சட்டம் வந்துவிட்டது. வீராணத்து நாரை குறிப்பலகை அல்ல.

சலீம் அலி என்ற பறவை அறிஞரைப் பலர் அறிவார்கள். சிறுவனாக இருந்தபோது ஏர் கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். கழுத்தில் மஞ்சள் நிறம். "இது என்ன குருவி?" என்று தெரிந்துகொள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனார். அந்தக் கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் பறவைகளின் பின்னால் அலைய வைத்தது. இந்தியப் பறவைகளை உலகம் அறியச் செய்தார்.

சுட்டதால் கிடைத்தது ஒரு செத்த குருவி. பார்த்ததால் கிடைத்தது ஒரு பெரிய வாழ்க்கை!

இவ்வளவையும் கேட்ட வாலிபர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே! எட்டு மடங்கு போதும் என்கிறீர்களா?"

"போதும் தம்பி. மீதிக்குப் பொறுமை வேண்டும். கரையில் அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். பறவை தானாகவே பக்கத்தில் வரும்!"

உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் ஒரு நாரை கரையோரம் இறங்கி நடந்தது. அதைப் பார்க்க எந்தக் கண்ணாடியும் தேவைப்படவில்லை.