வியாழனுக்கு ராடார், குடிகாட்டுக்கு வாளி

லடாக்கில் பாங்காங் ஏரிப் பக்கம் காவல் நின்ற நம் ராணுவத்தினர், 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை 329 முறை வானில் மர்ம ஒளியைக் கண்டதாகப் பதிவு செய்தார்கள். அதில் 155 முறை அது எல்லை தாண்டி நம் பக்கம் வந்துவிட்டதாகவும் கணக்கு. சீனப் பக்கத்து அடிவானத்தில் மஞ்சளாக ஓர் உருண்டை கிளம்பும். மூன்று முதல் ஐந்து மணி நேரம் மெல்ல நகரும். பிறகு காணாமல் போகும். உளவு ட்ரோன் என்று சந்தேகம். ராடாரை மலைக்கு ஏற்றினார்கள், ஒன்றும் சிக்கவில்லை. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ வந்தது, தொழில்நுட்ப உளவு அமைப்பான என்டிஆர்ஓ வந்தது. கடைசியில் இந்திய வான் இயற்பியல் நிறுவன விஞ்ஞானிகள் விடை சொன்னார்கள்: ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி.

சிரிக்காதீர்கள். அந்த உயரத்துக் குளிர்ந்த, மெலிந்த காற்றில் கிரகம் விளக்குப் போட்டது மாதிரி எரியும். எதிரே சீனப் படை வேறு. எனக்குப் பிடித்தது விடை கிடைத்த விதம்தான். எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் என்று சிப்பாய்களைக் குறிக்கச் சொன்னார்கள். நோட்டு நிரம்ப நிரம்ப மர்மம் வடிந்தது.

அமெரிக்காவும் இதைத்தான் பெரிய அளவில் செய்தது. பறக்கும் தட்டுப் புகார்களை ஆராய்ந்த ‘புளூ புக்’ திட்டம் 1969-ல் மூடப்பட்டபோது கையில் 12,618 புகார்கள். விளங்காமல் நின்றவை 701. பிறகு 2007-லிருந்து 2.2 கோடி டாலரில் ரகசியமாக இன்னொன்று நடந்தது 2017-ல் பத்திரிகையில் அம்பலமானது. இப்போது பென்டகனில் இதற்கென்றே தனி அலுவலகம்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு கிராமத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அங்கேயும் ஆகாயத்தில் ஏதோ வந்தது. ஒரு பக்கம் உப்பனாறு, மற்ற பக்கமெல்லாம் கம்பெனி. ராத்திரியானால் நாற்றம். அழுகின முட்டை ஒரு நாள், நகப்பூச்சு ஒரு நாள், அழுகின முட்டைக்கோஸ் இன்னொரு நாள். கண்ணெரிச்சல், இருமல், பிள்ளைகளுக்கு வாந்தி. என்ன வாயு என்று கேட்டால் பதில் இல்லை. பதில் எப்படி இருக்கும்? அன்றைக்கு ஊர்க்காற்றுக்கு அரசு வைத்திருந்த அளவுகோலில் பென்சீனே கிடையாது. அது சேர்ந்ததே 2009-ல்தான்.

ஆகவே ஊர்க்காரர்களே 2004-ல் கிளம்பினார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி, இறுக்கமான மூடி, உள்ளே ஒரு பை, சின்ன பம்ப். வாளிக் காற்றை பம்ப் உறிஞ்ச, பை வெளிக்காற்றை இழுத்து உப்பும். நாற்றம் வந்த நேரத்தில் பிடித்த அந்தப் பைகள் அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குப் போயின. 22 ரசாயனங்கள் கிடைத்தன. புற்றுநோய் உண்டாக்குபவையும் அதில் உண்டு. கூடவே நோட்டும் போட்டார்கள்: நாள், மணி, காற்றடித்த திசை, எந்த நாற்றம், எந்தக் கம்பெனிப் பக்கம். உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழு அந்த வருஷமே வந்து பார்த்தது. 2008-ல் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியின் அறிக்கை, இப்பகுதி மக்களுக்குப் புற்றுநோய் அபாயம் வழக்கத்தைவிடக் குறைந்தது 2,000 மடங்கு என்றது.

லடாக் சிப்பாய் எழுதியதும் குடிகாட்டுப் பெண் எழுதியதும் ஒரே மாதிரி நோட்டுத்தான். அவன் நோட்டைப் படிக்க நாட்டின் பெரிய நிறுவனங்கள் மலையேறின. இவள் தன் காற்றைத் தானே பையில் பிடித்துக் கடல் கடந்து அனுப்ப வேண்டியிருந்தது. லடாக் விசாரணையைக் குறை சொல்லவில்லை. அந்த மரியாதையில் பாதி இங்கே வந்திருந்தால் போதும் என்கிறேன்.

2021 மே மாதம் குடிகாட்டுப் பூச்சிமருந்து ஆலை விபத்தில் 4 பேர் செத்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: நடுராத்திரி அங்கிருந்து யாராவது நாற்றம் என்று போன் செய்தால், அந்த நேரத்திலேயே கருவியோடு ஆள் அனுப்புங்கள். அளந்த கணக்கை மறுநாளே ஊருக்குள் ஒட்டிவிடுங்கள்.