எந்த அரண்மனைக்குப் போகிறோம்?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தைப்பிங்கிலிருந்தோ சித்தியவானிலிருந்தோ உறவுகள் வந்து இறங்குவார்கள். "அரண்மனையைப் பார்க்கணும்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெட்டாலிங் ஜெயாக்காரர் கைப்பேசியில் 'இஸ்தானா' என்று தட்டுவார், கிளம்பிவிடுவார். மத்தியானம் திரும்பும்போது எல்லார் முகமும் வாடியிருக்கும். கூட்டம், நெரிசல், வண்டி கிடைக்கவில்லை என்று மூன்று புகார்கள். ஆனால் சிக்கல் தொடங்கியது சாலையில் இல்லை. எந்த அரண்மனை என்று யாரும் கேட்டுக்கொள்ளாததில்தான்.

நம் வட்டாரத்தில் அந்தச் சொல்லுக்கு மூன்று விலாசங்கள் உண்டு. முதலாவது, மாமன்னரின் இஸ்தானா நெகாரா. 2011 நவம்பரில் இப்போதைய இடத்துக்கு மாறியது. இது நிற்கும் சாலையை இன்றும் பலர் ஜாலான் டூத்தா என்றே சொல்கிறார்கள். இப்போதைய பெயர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிம். இரண்டாவது, பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே குன்றின் மேல் இருக்கும் பழைய இஸ்தானா நெகாரா. 1928இல் சான் விங் என்ற சீனச் செல்வந்தர் கட்டிய மாளிகை அது. 1957இல் மாமன்னரின் அரண்மனையானது, பின்னர் அருங்காட்சியகமாக்கப்பட்டது. மூன்றாவது, கிள்ளானில் சிலாங்கூர் சுல்தானின் இஸ்தானா ஆலம் ஷா. பழைய அரண்மனை இருக்கும் சாலையின் பெயர் ஜாலான் இஸ்தானா. கிள்ளானிலும் ஒரு ஜாலான் இஸ்தானா உண்டு! ஊர்ப்பெயரைச் சேர்க்காமல் கிரேப் வண்டி அழைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த குழப்பம், எது கதவு, எது வெறும் வாயில் என்பது. இஸ்தானா நெகாராவுக்குப் போகிறவர்கள் பார்ப்பது வாயிலைத்தான். குதிரை வீரரோடு படம் எடுக்கலாம், தூரத்தில் மஞ்சள் குவிமாடங்களைக் காணலாம். உள்ளே போக முடியாது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் காரியம். அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சுற்றுலாப் பேருந்துகள் வரிசை கட்டுவதற்கு முன், காலையிலேயே போய்விடுவது நல்லது. வாசலருகே ரயில் நிலையம் கிடையாது. எம்ஆர்டியில் செமந்தான் வரை போய், அங்கிருந்து கிரேப் எடுக்கலாம். படம் எடுத்து முடிப்பதற்குள் திரும்பி வருவதற்கான வண்டியை அழைத்துவிட வேண்டும். பழைய அரண்மனையோ, கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டிய இடம்.

உள்ளே போய் நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கிள்ளானே ஏற்றது. அங்கே சுல்தான் அப்துல் அசிஸ் அரச காட்சியகம் இருக்கிறது. நுழைவு இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. 1909இல் கட்டப்பட்ட சுல்தான் சுலைமான் கட்டடம் அது. கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தை வடிவமைத்த ஹப்பக்கின் கைவண்ணம். ஆங்கிலேயர் ஆட்சியில் அரசு அலுவலகமாக இருந்தது. சிலாங்கூர் சுல்தானாகவும் 1999 முதல் 2001 வரை மாமன்னராகவும் இருந்த சுல்தான் அப்துல் அசிஸின் உடைமைகளை இன்று காட்டுகிறது. அரண்மனையின் உள்வாழ்க்கையை வாயிற்கம்பிகளுக்கு வெளியே நின்று ஊகிப்பதைவிட இங்கே அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

கிள்ளான் என்றதும் கூட்டரசு நெடுஞ்சாலை நினைவுக்கு வந்து பலர் தயங்குவார்கள். ரயிலில் போகலாமே என்றால், "கேஎல் சென்ட்ரல் வரை போய் மாற வேண்டுமே" என்பார்கள். வேண்டியதில்லை. கிழக்கே போய் மேற்கே திரும்புவது வீண் அலைச்சல். கிளானா ஜெயா எல்ஆர்டி 2016 முதல் சுபாங் ஜெயா வழியாகப் போகிறது. அந்த நிலையத்திலேயே கேடிஎம் கொமுட்டருக்கு மாறலாம். பத்து தீகா, ஷா ஆலம், பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக், அடுத்தது கிள்ளான். நிலையத்திலிருந்து காட்சியகம் நடக்கும் தூரம்தான். இரண்டை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். மை50 மாதப் பயண அட்டை எல்ஆர்டிக்கு உதவும், கொமுட்டருக்கு உதவாது. டச் என் கோ அட்டையில் பணம் இருக்கட்டும். கொமுட்டர் எல்ஆர்டி போல நிமிடத்துக்கு நிமிடம் வராது. அதன் நேரத்தைப் பார்த்துவிட்டு வீட்டைவிட்டு இறங்குங்கள்.

கடைசியாக, கூட்டம். கூட்டத்தைத் தீர்மானிப்பது கடிகாரத்தைவிட நாட்காட்டிதான். சுல்தானின் பிறந்தநாளான டிசம்பர் 11 சிலாங்கூருக்கு விடுமுறை, கோலாலம்பூருக்கு வேலைநாள். தலைநகரின் வாயிலைப் பார்க்கச் சிலாங்கூர்க்காரர்களான நமக்குத் தோதான நாள் அது. பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினத்தில் நிலைமை தலைகீழ்: கோலாலம்பூருக்கு விடுமுறை, நமக்கு வேலை.

கிள்ளானுக்கோ இந்தக் கணக்கு போதாது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் காட்சியகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜாலான் தெங்கு கிளானாவில் கால் வைக்க இடம் இருக்காது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுந்தரராஜப் பெருமாள் கோவிலுக்கு ஊரே திரளும். அந்த நாட்கள் அரசாங்க விடுமுறைப் பட்டியலில் இருக்காது, கைப்பேசி வரைபடமும் முன்கூட்டிச் சொல்லாது. கூடத்துச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி சொல்லும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.