விமான நிலைய இணையதளத்தில் தமிழ் எப்போ இறங்கும்?

பெயரிலேயே சதுரங்கம் இருக்கிற ஊர் நம்ம சதுரங்கப்பட்டினம். 2022-ல் பக்கத்து மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தப்போ, உலகமே மீனம்பாக்கத்தில் வந்து இறங்கி நம்ம கடற்கரைக்கு வந்தது. வந்தவங்களுக்கு வழிகாட்ட ஆள் இருந்தாங்க. நல்ல விஷயம்தான்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு வழிகாட்ட யார் இருக்கா?

துபாயிலிருந்து வர்ற மகனை அழைக்கப் போற அம்மா, எந்த முனையத்தின் வாசலில் நிக்கணும்? சென்னையில் உள்நாட்டு விமானத்துக்கு 1-ம் 4-ம், வெளிநாட்டு விமானத்துக்கு 2. இதைத் தெரிஞ்சுக்கப் போனைத் திறந்தா, இந்திய விமான நிலைய ஆணையத்தின் இணையதளம் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் பேசுது. சென்னை, மதுரை, திருச்சி, கோவை, தூத்துக்குடி, சேலம் எல்லாம் தமிழ் மண்ணில்தானே இருக்கு?

"விமானத்துல போறவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதா?"ன்னு சிலர் கேட்பாங்க. ஹவாய் செருப்பு போட்டவரும் பறக்கணும்னு சொல்லித்தானே பிரதமர் 2017-ல் உடான் விமான சேவையைத் தொடங்கி வச்சார்? சேலத்துக்கு விமானம் வந்ததும் அதே திட்டத்தில்தான். செருப்பு போட்டவருக்கு சீட் உண்டு, அவர் மொழிக்கு மட்டும் இடம் இல்லையா?

முடியாத காரியமும் இல்லை. ஒன்றிய அரசின் உமங் செயலி தமிழிலும் வேலை செய்யுது. அங்கே முடிஞ்சது இங்கே ஏன் முடியாது?

நாம கேட்பது ஐந்தே விஷயம்:

1. முதல் பக்கத்திலேயே தமிழ் வேணும். மெஷின் மொழிபெயர்ப்பு வேண்டாம், மக்கள் பேசுற தமிழ்.

2. விமான எண்ணைப் போட்டா முனையம், நேரம், தாமதம் மூணும் ஒரே திரையில் வரணும். சாதாரண போனிலும், சிக்னல் குறைஞ்ச இடத்திலும் திறக்கணும்.

3. இறங்கினவர் வீடு போய்ச் சேரும் வழி வேணும். மெட்ரோ எங்கே, கிளாம்பாக்கம் எப்படிப் போகணும், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

4. உரிமையைத் தமிழில் சொல்லணும். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம்னா, மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம்னு விதி இருக்கு. எத்தனை பேருக்குத் தெரியும்?

5. பார்வையற்றவர் காதால் கேட்டே பயன்படுத்தணும். சக்கர நாற்காலி கேட்க ஒரே பொத்தான் போதும். டிஜிட்டல் வசதியைப் பெறுவது வாழ்வுரிமையின் பகுதின்னு 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. இது சலுகை இல்லை, உரிமை!

கோடிக்கணக்கில் புது முனையம் கட்டுறாங்க. வரவேற்கிறோம். ஆனா பயணி முதல்ல நுழையிற வாசல் கண்ணாடிக் கதவு இல்லை, கையில இருக்கிற போன். அந்த வாசலில் நம்ம மொழி இல்லைன்னா, கட்டடம் எவ்வளவு பளபளப்பா இருந்து என்ன பயன்?

விமான நிலையத்தில் வழி தெரியாமல் நீங்க நின்ன அனுபவத்தைக் கீழே எழுதுங்க. உங்க தொகுதி எம்.பி.யிடமும் கேளுங்க. பகிருங்க தோழர்களே!

#விமானநிலையத்தில்_தமிழ்